பிறர் கடனிலே நம் பெயர்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே சமயமும் தமிழும் பேசப்படுவதே வழக்கம். பூசை முடிந்து, பஜனை முடிந்து, பிரசாதம் கைக்கு வரும் நேரத்திலே கடன் என்ற சொல்லா என்று முதியோர் சிலர் முகஞ் சுளிக்கவுங் கூடும். ஆயினும் சென்ற சில மாதங்களாக நம் சங்கத்து இளைஞர்கள் எம்மைக் கேட்கும் கேள்விகளிலே சமயத்தைப் பற்றியவற்றினும் இதுவே மிகுதி. கொழும்பிலே வேலை பார்க்கும் தமையன் வங்கியிலிருந்து கடனட்டை வாங்கியிருக்கிறார். ஊரிலே இருக்கும் தம்பிக்கும் அதே கணக்கிலே ஒரு துணை அட்டை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். "வாங்கலாமா? வாங்கினா நம்ம பேரு கிரிப்புல ஏறுமா? ஏறினா நல்லதா, கெட்டதா?" இதுவே கேள்வி. சிறிய கேள்விதான். ஆனால் அதற்குரிய விடை அமெரிக்காவிலே ஒன்றாகவும், இந்தியாவிலே ஒன்றாகவும், நம் லுணுகலையிலே வேறொன்றாகவும் இருக்கின்றது. அவ்வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் கையொப்பமிடுவோர் நம்மிடையே பலர். ஆதலின் இம்மேடையிலேயே பேசத் துணிந்தோம்.

தமிழிலே நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள். சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லிலே வைத்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒருவன் நாணயமானவன் என்பதை ஊர் எப்படி அறிந்தது? நம் கடைவீதியிலே முதலாளியின் மேசையில் இருக்கும் பற்றுக் கொப்பியைப் பார்த்து அறிந்தது. குடும்பத்துக்கு ஒரு பக்கம். சம்பளத்துக்குச் சம்பளம் வரவு விழும் பக்கமும் உண்டு. பற்று மட்டுமே வளரும் பக்கமும் உண்டு. தகப்பனின் பக்கத்திலே மகன் வந்து ஒரு கிலோ சீனி வாங்குகிறான். "அப்பா கணக்குல எழுதிக்கங்க மொதலாளி" என்கிறான், அவரும் எழுதிக்கொள்கிறார். பொருளைக் கொண்டுபோனவன் மகன். கட்ட வேண்டியவர் தகப்பன். நாளை அம்மகன் தனிக் குடித்தனமாகி, தன் பெயரிலே ஒரு பக்கம் திறக்கும்படி வந்து நின்றால், முதலாளி என்ன செய்வார்? "இன்னாருடைய மகன்தானே, குறை வைத்ததில்லையே" என்று எண்ணுவார். அல்லது "அந்த வீட்டாரா?" என்று தயங்குவார். எப்படியாயினும் தகப்பனின் பக்கம் மகனுக்குப் பேசும்.

வங்கியின் கணினிக்கு இந்த ஞாபகம் இல்லை. அதற்கு இருப்பது ஏடு ஒன்றே. அந்த ஏட்டிலே துணை அட்டைக்காரனுடைய பெயர் எப்படி எழுதப்படுகின்றது என்பதிலேதான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

அமெரிக்காவிலே கடன் வாங்குவோரின் நாணயத்தை எண்ணாக்கி விற்கும் தொழில் பழையது. 1956 ஆம் ஆண்டிலே வில்லியம் ஃபேர் என்னும் பொறியியலாளரும் ஏர்ல் ஐசாக் என்னும் கணித அறிஞரும் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களது பெயராலே வழங்கும் ஃபைகோ மதிப்பெண் 1989 முதல் நடைமுறையில் உள்ளது. 300 முதல் 850 வரை போகும் அவ்வெண்ணிலே, தவணை தவறாமல் கட்டினாரா என்பதற்கு நூற்றுக்கு 35 பங்கு; எவ்வளவு நிலுவையில் இருக்கிறது என்பதற்கு 30 பங்கு; கணக்கு எத்தனை காலம் பழையது என்பதற்கு 15 பங்கு; மீதி மற்றவற்றுக்கு. அந்நாட்டிலே ஒருவர் தம் அட்டையைப் பயன்படுத்த மனைவிக்கோ மகனுக்கோ அனுமதி கொடுத்தால், பெரும்பாலும் அந்தக் கணக்கு அனுமதி பெற்றவரின் ஏட்டிலும் ஏறிவிடும். தகப்பன் இருபது வருடமாக ஒழுங்காகக் கட்டிய கணக்காயின் மகனுடைய எண் உயரும். தகப்பன் தவணை தவறினால், அல்லது எல்லை வரை செலவழித்து வைத்தால், மகனுடைய எண் தாழும். ஆனால் கடனைக் கட்டும் சட்டப் பொறுப்பு மகனுக்கு இல்லை. பிடிக்காவிட்டால் தன் பெயரை நீக்கச் சொல்லலாம்.

இப்படி ஒரு விசித்திரமான சலுகை ஏன் வந்தது என்று பார்த்தால், அதன் பின்னாலே பெண்கள் நிற்கின்றனர். ஒரு காலத்திலே அமெரிக்க மனைவியர் கணவர் பெயரிலுள்ள கணக்கிலேயே வாங்கினர். அவர்கள் கையாலேயே மாதாமாதம் பணமும் கட்டினர். ஏடு மட்டும் கணவர் பெயரில். கணவன் இறந்தாலோ பிரிந்தாலோ, முப்பது வருடம் கணக்கைக் காத்த பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு வரி கூட இல்லை. 1974 ஆம் ஆண்டிலே கடன் கொடுப்பதில் ஆண் பெண் வேற்றுமை காட்டலாகாது என்று சட்டம் வந்தது. அதன் கீழ் எழுந்த விதியின்படி, 1977 ஜூன் முதல் திறக்கப்படும் கணக்குகளை மனைவியும் பயன்படுத்தினால், அவள் பெயரிலும் அதை அறிவிக்க வேண்டும் என்றாயிற்று. நம் தோட்டங்களிலே பெண் பறித்த கொழுந்துக்கு ஆண் போய்ச் சம்பளம் வாங்கிய நெடுங்காலத்தை நினைப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை விளங்கும்.

நல்ல நோக்கத்தோடு திறந்த வாசலிலே வியாபாரிகள் நுழைந்தார்கள் என்பது வேறு கதை. முன்பின் அறியாத ஒருவருடைய பழைய நல்ல கணக்கிலே பணம் கொடுத்துத் தம் பெயரைச் சேர்க்கச் செய்வோரும், அதற்குத் தரகு பார்ப்போரும் கிளம்பினர். பொறுக்க மாட்டாத ஃபைகோ நிறுவனம் 2007 இலே, இனி அனுமதி பெற்றவர்களின் கணக்கைக் கணக்கிடமாட்டோம் என்று அறிவித்தது. அப்படிச் செய்தால் நேர்மையான மனைவிமாரின் பெயரும் அழிந்துபோகுமே என்று எதிர்ப்பு எழவே, 2008 இலே அம்முடிவை மாற்றிக்கொண்டது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இணையத்திலே படித்துவிட்டு, "துணை அட்டை வாங்கினால் நாணயம் ஏறும்" என்று நம் இளைஞர் சொல்வதெல்லாம் அந்த அமெரிக்கக் கதையைத்தான். இந்தியாவிலே 2000 ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய சிபில் நிறுவனத்தின் ஏட்டிலே துணை அட்டையின் வரவு செலவு பெரும்பாலும் முதல் அட்டைக்காரர் பெயரிலேயே நிற்கும். துணை அட்டைக்காரருக்கு அதனால் பொதுவாகத் தனி நாணயம் வளர்வதில்லை. இந்த விஷயத்திலே இலங்கை இந்தியாவுக்கு மூத்தது என்பதைச் சற்றுப் பெருமையோடு சொல்லலாம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட கொடுகடன் தகவல் பணியகமே தென்னாசியாவில் முதலாவது. நாம் கிரிப் என்று அழைப்பது அதனையே. மத்திய வங்கியும், வங்கிகளும், நிதி நிறுவனங்களும் அதன் பங்குதாரர்.

"கிரிப்புல பேர் விழுந்துபோச்சு" என்று நம்மவர் ஏதோ பொலிஸ் புத்தகத்திலே விழுந்ததைப்போலச் சொல்வதுண்டு. அது சரியன்று. வங்கியிலோ லீசிங் நிறுவனத்திலோ கடன் வாங்கிய எவருடைய பெயரும் அங்கே இருக்கும். ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் இருக்கும். கறுப்புப் பட்டியல் ஒன்று தம்மிடம் இல்லை என்று பணியகத்தாரே கூறியிருக்கின்றனர். கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் தீர்மானம். பணியகம் ஏட்டைக் காட்டும்; அண்மை ஆண்டுகளிலே மூன்று இலக்க மதிப்பெண் ஒன்றையும் சேர்த்துக் காட்டுகின்றது.

துணை அட்டை என்பது முதல் அட்டைக்காரரின் கணக்கிலே போடப்பட்ட இன்னொரு சாவி. கடன் எல்லை ஒன்றே. மாதப் பட்டியலும் ஒன்றே. தமையனுக்கு வங்கி 200,000 ரூபாய் எல்லை கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 40,000 ரூபாய்க்குச் செலவழிக்கிறார். தம்பி பதுளையிலே ஒரு கைத்தொலைபேசியும், நண்பர்களுக்கு ஒரு விருந்தும், தங்கையின் மணவிழாவுக்குத் துணிமணியுமாக 120,000 ரூபாய்க்கு அட்டையை நீட்டிவிடுகிறான். அண்ணன் கணக்கிலே 160,000 நிலுவை. அது கட்டப்படாமல் இழுபட்டால் தவணை தவறியவர் அண்ணன். அடுத்த வருடம் அவர் வீடு கட்டக் கடன் கேட்கும்போது முகாமையாளர் பார்ப்பது தம்பியின் விருந்தைத்தான். ஆனால் அது அண்ணனின் பெயரிலே எழுதியிருக்கும். ஆகவே "எனக்கு நன்மையா" என்று கேட்கும் தம்பி, "அண்ணனுக்கு என்ன ஆகும்" என்று முதலிலே கேட்பது முறை.

அதோடு முடியவில்லை. சில வங்கிகளின் விண்ணப்பப் படிவத்திலே, துணை அட்டைக்காரரும் கையொப்பமிடும் இடத்துக்கு மேலே, முதல் அட்டைக்காரரும் துணை அட்டைக்காரரும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பாவர் என்று ஒரு வாக்கியம் இருக்கும். அச்சொற்களுக்குப் பாதிப் பாதி என்று பொருள் கொள்ளலாகாது. முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம் என்பதே பொருள். எல்லா வங்கிகளின் படிவமும் ஒன்று போல் இருப்பதில்லை. ஆதலின் வாசித்தே அறிய வேண்டும். அவ்வாக்கியம் இருக்குமாயின் நிலைமை அமெரிக்கக் கதைக்கு நேர் எதிர். அங்கே பொறுப்பில்லாமல் பெயர் கிடைக்கிறது. இங்கே பெயர் கிடைக்காமல் பொறுப்பு வருகிறது!

துணை அட்டை நம் ஊரிலே சிலரைத்தான் தொடும். எல்லா வீட்டையும் தொடுவது பிணை. நாம் பேச விரும்பியதும் உண்மையிலே அதுதான்.

லயத்துக் காம்பிராவிலே பிறந்தவனுக்கு வங்கியிலே ஈடு வைக்க என்ன உண்டு? பாட்டன் காலந்தொட்டு வாழ்ந்த இடமாயினும் அதற்கு உறுதி இல்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கி ஈடாக ஏற்காது. நகை உள்ளவர் நகையை அடகு வைக்கிறார். மற்றவர்க்கு இரண்டு பிணையாளர் வேண்டும். மாதச் சம்பளக்காரராய் இருந்தால் நலம். அடாவத்தையிலும் ஹொப்டனிலும் அப்படிப்பட்டவர் யார்? பள்ளி ஆசிரியர், தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர், தபால் உத்தியோகத்தர், புதிதாக அரசாங்க நியமனம் பெற்ற நம் சங்கத்து இளைஞன். முதற் சம்பளம் கைக்கு வருமுன்னே மாமா ஒருவர் படிவத்தோடு வந்து நிற்பார். "ஒரு கையெழுத்துத்தானே தம்பி!"

அக்கையெழுத்து கிரிப் ஏட்டிலே ஏறுகிறது. ஏட்டிலே ஒருவருடைய கடன்கள் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டப்படும்: கடன்பட்டவராக எத்தனை, பிணையாளராக எத்தனை. மாமா தவணை தவறாமல் கட்டி முடித்தால் நல்ல கடனாளி என்ற பெயர் மாமாவுக்கு. பிணை நின்ற இளைஞனுக்குத் தான் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறு அதனால் உண்டாவதில்லை. மாமா கட்டாமல் விட்டாலோ அந்நிலுவை இளைஞனுடைய ஏட்டிலும் தெரிகிறது. மாமா ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்போதுங்கூட, இளைஞன் ஆட்டோ ஒன்றை லீசிங்கில் எடுக்கப் போனால், "ஏற்கனவே இவ்வளவு தொகைக்குப் பொறுப்பாய் இருக்கிறீரே" என்று அதனையும் கூட்டிப் பார்க்க நிறுவனத்துக்கு இடமுண்டு. நன்மை வரும்போது பெயர் பிறருடையது. தீமை வரும்போது நம்முடையது. பிணையின் இயல்பு அது.

இது கணினிக் காலத்துப் புதுமை என்று எண்ணற்க. தோட்டத்து மக்களின் வரலாறே பிறர் ஏட்டிலே எழுதப்பட்ட கடனோடுதான் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து ஆள் கூட்டி வரக் கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் கொடுத்தது. வழிச்செலவும் சோறும் கம்பளியும் தொழிலாளியின் கடனாயின. கங்காணி தோட்டத்துக்குக் கடனாளி. தொழிலாளி கங்காணிக்குக் கடனாளி. எவ்வளவு என்று கேட்க எழுத்தறிவும் இல்லை, துணிவும் இல்லை. வேறு தோட்டத்துக்குப் போவதாயின் துரை ஒரு காகிதத் துண்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைக் கட்டினால் இன்ன கங்காணியும் அவர் ஆட்களும் விடுவிக்கப்படுவர் என்பது அதன் வாசகம். புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆட்களோடு கடனும் மலை ஏறி மலை இறங்கிப் போகும். பெரிய கங்காணி தம் செல்வாக்குக்காகப் பட்ட கடனும் அத்தொகையிலே கலந்திருக்கும். அதற்கு ஈடாய் நின்றவர்கள் அதைப் பற்றி ஒன்றுமே அறியாத ஆணும் பெண்ணும். இத்துண்டு முறையை 1921 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. தாம் வாங்காத கடனுக்குத் தம் உழைப்பு ஈடாக இருக்கிறது என்பதை அம்மக்களிலே எத்தனை பேர் அறிந்திருப்பர்?

பெரியபுராணம் கேட்ட சபைக்கு இன்னொன்றையும் ஞாபகப்படுத்தலாம். சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருமணப் பந்தலிலே முதிய வேதியராய் வந்த இறைவன் நீட்டியது என்ன? பாட்டனார் எழுதிக் கொடுத்ததாகிய ஆளோலை. அந்தணர் வேறோர் அந்தணருக்கு ஆளாவது என்ன முறை என்று நம்பியாரூரர் சினந்து ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வேதியரிடம் பத்திரமாய் இருந்தது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் பாட்டனாரின் வேறோர் எழுத்தைக் காப்பிலிருந்து வருவித்து ஒத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பக்தி வேறு, அதனை நாம் குறைக்கவில்லை. ஆனால் கடன் பத்திரத்தின் இயல்பை அந்த வரலாறு நன்றாய்க் காட்டுகிறது. வீட்டிலே உள்ள பிரதியைக் கிழித்தாலும், தொலைத்தாலும், மூலம் அங்கே இருக்கும். நம்மை ஆட்கொள்ள வருகிறவர் இறைவனாயிருந்தால் கவலை இல்லை. வருகிறவர் வசூல் உத்தியோகத்தர்.

பிணைப் பத்திரத்திலே நாம் எதைக் கைவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். இந்நாட்டுப் பொதுச் சட்டமாகிய ரோமன் டச்சுச் சட்டம் பிணையாளருக்கு இரண்டு பாதுகாப்புகளை அளிக்கின்றது. "முதலிலே கடன்பட்டவரிடம் வசூலித்துப் பாருங்கள், முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்லும் உரிமை ஒன்று. பிணையாளர் பலராயின், "என் பங்கை மட்டும் கேளுங்கள்" என்று சொல்லும் உரிமை மற்றொன்று. வங்கிப் படிவங்களிலே பெரும்பாலும் இவ்விரண்டையும் பிணையாளர் விட்டுக்கொடுப்பதாக ஒரு வாக்கியம் இருக்கும். அவ்வுரிமைகளின் பெயர்கள் இலத்தீன் மொழியிலேயே அச்சாகியிருப்பதும் உண்டு. மிஷன் பள்ளியிலே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி வந்த எமக்கே அச்சொற்கள் ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் படிக்கும் நண்பரிடம் கேட்டே பொருள் அறிந்தோம். தமிழ் மட்டும் அறிந்த ஒரு கிளாக்கர் அதை எப்படி அறிவார்? கேட்டால்தான் அறிவார். வங்கி மேசையிலே, "இந்த வரியின் பொருளைத் தமிழிலே சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டுவதில்லை.

தாய்மார்கள் குழுக் கடனை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். வங்காள தேசத்திலே பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976 இலே ஜோப்ரா கிராமத்தில் தொடங்கி, 1983 இலே கிராமின் வங்கியாக வளர்ந்த முறை அது. ஈடு இல்லாத ஏழைப் பெண்கள் ஐவர் ஐவராய்க் கூடிக் கடன் பெறுவர். ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்துவர். நோக்கம் உயர்ந்ததே, 2006 இலே நோபல் பரிசும் கிடைத்தது. அம்முறை பல கைகளுக்கு மாறி நம் மலைகளுக்கு வந்தபோது, ஒருத்தி பணம் கொண்டுவராத வாரத்திலே மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை கூட்டம் கலையாத நிலையையும் கண்டிருக்கிறோம். இதிலே இன்னொரு முறைகேடும் உண்டு. கடன் மனைவி பெயரிலே. பணம் கணவன் கையிலே. ஏடும் பொறுப்பும் அவளுக்கு, செலவு அவருக்கு. இங்கே அனுமதி பெற்ற பயனாளி கணவன்தான்; ஆனால் அனுமதியை யாரும் கேட்டதில்லை. மேடையிலே சொல்லத் தகுமோ என்று சிலர் நினைக்கலாம். வீட்டிலே சொல்ல முடியாதவற்றை வேறு எங்கே சொல்வது?

அப்படியானால் பிணையே நிற்க வேண்டாமா? எமது பள்ளியிலே காலை வழிபாட்டில் விவிலியத்து நீதிமொழிகள் வாசிக்கப்படும். அந்நூலிலே பிணை நிற்பவனை எச்சரிக்கும் இடங்கள் பல உண்டு. கணக்கு மட்டும் பார்த்தால் அவ்வெச்சரிக்கை சரியே. ஆயினும் முழுவதும் எமக்கு உடன்பாடன்று. நம் பகுதியிலே முதன் முதலிற் கல்வீடு கட்டியவர், முதல் ஆட்டோ வாங்கியவர், மகளை வெளியூரில் வைத்துப் படிப்பித்தவர் என்று எண்ணிப் பாருங்கள். பலருக்குப் பின்னாலே யாரோ ஓர் ஆசிரியரின் கையொப்பம் இருக்கும். நிலம் இல்லாத சமூகத்துக்கு நாணயமான மனிதர்களே நிலம். அவர்கள் எல்லாரும் ஒரே நாளிலே கையை மூடிக்கொண்டால் வட்டிக்காரனைத் தவிர வேறு கதி இராது. பிணை நிற்பதை நாம் தடுக்கவில்லை. பாராமல் நிற்பதையே தடுக்கிறோம்.

கேட்கும் மாமாவிடம் தொகை எவ்வளவு, எத்தனை மாதம், தவணை நாள் எது என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. பத்திரத்தின் பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்பு கேட்டால் சந்தேகமாகத் தோன்றும், முன்பே சொன்னால் வழக்கமாகிவிடும். கடன் முடிந்ததும், பிணை நீங்கியது என்பதற்கு வங்கியிலிருந்து எழுத்து வாங்குங்கள். ஒவ்வொருவரும் தமது கிரிப் அறிக்கையைத் தாமே பெறலாம்; தேசிய அடையாள அட்டையும் ஒரு சிறு கட்டணமும் போதும், வங்கிக் கிளை வாயிலாகவும் விண்ணப்பிக்கலாம். அதிலே தவறு இருந்தால், தகவலை அனுப்பிய வங்கியையோ நிறுவனத்தையோ திருத்தும்படி கோரலாம்.

தன் பெயரிலே நல்ல வரலாறு வேண்டும் என்னும் இளைஞனுக்குத் துணை அட்டை வழியன்று. சிறிய கடனாயினும் சொந்தப் பெயரிலே பெற்று ஒழுங்காகக் கட்டுவதே வழி. நிரந்தர வைப்புப் பணத்தை ஈடாகக் கொண்டு சிறிய எல்லையுள்ள கடனட்டை கொடுக்கும் வங்கிகள் உண்டு. நம் பெண்கள் வருடக்கணக்காய் ஒரு நாளும் பிந்தாமல் கட்டும் சீட்டுப் பணம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை என்பது எமக்கு மிகுந்த வருத்தம். அதைவிடப் பெரிய நாணயம் எந்த நாட்டிலே உண்டு?

பெயர், ஏடு என்று இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் முதியோருக்குத் தெரியும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலே நம் மக்களிற் பெரும்பாலோரின் பெயர் நாட்டின் ஏட்டிலே இல்லாமற் போயிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாலே குடும்பங்கள் பிரிந்தன. மிஞ்சியிருந்தோருக்கு வழி திறந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். அடையாள அட்டையே இல்லாதவனுக்கு வங்கிக் கடன் ஏது, கிரிப் ஏது? இங்கே முன்வரிசையிலே இருப்பவர்களிற் சிலர் நாற்பது ஐம்பது வயதுக்கு மேலேதான் தம் பெயரை எழுத்திலே கண்டவர்கள். அப்பெயரை ஒருவர் பேனாவை நீட்டியதும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்; அவர்களை யார் குறை சொல்வது? எழுதச் சொல்லி ஒருவர் கேட்டதே அவர்களுக்கு மதிப்பாய் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாசிக்கத் தெரிந்தவர்கள். கையொப்பமிடுமுன் வீட்டிலே வாசித்துக் காட்டுவது அவர்கள் கடமை.

இதற்குச் சங்கத்தாலும் ஆவது ஒன்று உண்டு. வரும் மாதத்து முதல் ஞாயிறு, அறநெறி வகுப்பு முடிந்தபின், வாசிகசாலையிலே பிணைப் பத்திரங்களையும் அட்டை விண்ணப்பங்களையும் வரி வரியாகத் தமிழிலே வாசித்துப் பொருள் சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆங்கிலமும் சிங்களமும் நன்கறிந்த அன்பர்கள் இருவர் உடனிருக்க இசைந்துள்ளனர். வீட்டிலே கிடக்கும் படிவங்களைக் கொண்டு வாருங்கள். கையொப்பமிட்டதாயினும் சரி, இடாததாயினும் சரி. பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்துக்கொண்டே வாசிப்போம். மூக்குக் கண்ணாடி உடையவர்கள் அதையும் மறவாமல் கொண்டு வரவும். எழுத்து மிகச் சிறியதாக இருக்கிறது.